மாமாட மேசையில இருந்த மூணு போத்தலும் ஒரு சிட்டையும்

எங்கட மாமாக்கு மட்டக்களப்புப் படுவான்கரையில வயல். நாப்பது வருசமா மம்மல் பொழுதுல வரம்பால நடந்து பழகின மனுசன், கண்ண மூடிக்கிட்டு நடந்தாலும் வாடிக்குப் போய்ச் சேந்திருவாரு. அப்பிடிப்பட்டவரு ஒருநாள் முழங்கால் வரைக்கும் சேறோட வீட்டுக்கு வந்து, "வரம்பு தெரியல்ல புள்ள, வாய்க்காலுக்குள்ள கால வச்சிட்டன்" எண்டு மாமிக்கிட்ட சொல்லிருக்காரு. மாமி அத பெருசா எடுக்கல்ல, வயசு போகுது கண்ணாடி மாத்தணும் எண்டுதான் எல்லாரும் நினைச்சோம். கண்ணாடியும் மாத்தினம். பகல்ல பேப்பர் வடிவா வாசிக்காரு, ஆனா வெளிச்சம் மங்கினா முத்தத்துல கிடக்கிற கதிரை தெரியல்ல. அது மாலைக்கண் எண்டு எங்களுக்கு விளங்க மூணு மாசம் போயிட்டு.

இத ஏன் எழுதுறன் எண்டா, மாமாக்கு முதல்ல வந்தது விட்டமின் ஏ குறைவு, மறுகா வந்தது விட்டமின் ஏ கூடினது. ரெண்டும் ஒரே வருசத்துல, ஒரே மனுசனுக்கு. ரெண்டாவது வந்தது எங்கட கையால. நாங்க பாசத்துல குடுத்த குளிசையாலதான் வந்தது. இப்ப எல்லா வீட்டுலயும் ஒரு சத்துக் குளிசைப் போத்தல் இருக்கு, வெளிநாட்டுல இருந்து ஆராவது அனுப்புறாங்க, அதால இத வாசிக்கிற ஒரு ஆளாவது போய் அந்த லேபல எடுத்துப் பாக்கணும் எண்டு மனசாரக் கேட்டுக்கிறன்.

மாமாக்கு ஏன் குறைஞ்ச எண்டு முதல்ல சொல்றன். சாப்பாடு காணாம இல்ல. மீன், முட்டை, முருங்கை இலை, பொன்னாங்காணி, பப்பாசி எல்லாம் அந்த வீட்டுல எப்பவும் இருக்கு. ஆனா அவருக்கு சில வருசத்துக்கு முதல் பித்தப்பையில கல் எண்டு ஒப்பரேஷன் நடந்த, அதுக்குப் பிறகு பித்தம் வாற குழாய் சுருங்கிட்டு. மேல் கடிக்கும், கண் லேசா மஞ்சளாகும், மலம் வெளிறி எண்ணெய் மாதிரி மிதக்கும். அத அவரு ஆரிட்டயும் வாய் திறந்து சொல்லல்ல, கீழ்காய்நெல்லி அரைச்சுக் குடிச்சிக்கிட்டே இருந்திருக்காரு. விட்டமின் ஏ, டீ, ஈ, கே இந்த நாலும் கொழுப்புல கரையிற சாமான், பித்தம் குடலுக்கு ஒழுங்கா வந்தாத்தான் உடம்புல சேரும். பித்தம் வராட்டி எவ்வளவு பொன்னாங்காணி திண்டாலும் அது வந்த வழியால போயிரும். ஈரல் சேத்து வச்சிருந்த ஏ கொஞ்சம் கொஞ்சமா முடிஞ்சாப் பிறகுதான் கண்ணுல காட்டும். ஈரலுக்குள்ள உள்ள சேமிப்பு அவ்வளவு பெருசு, உடம்புல இருக்கிற ஏயில முக்காவாசிக்கு மேல அங்கதான் கிடக்கு. அந்தச் சேமிப்பத்தான் மறந்திரக் கூடாது, பின்னால வந்த வில்லங்கத்துக்கும் அதுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில பெரிய டொக்டர் மாமாட கண்ண டோர்ச் அடிச்சிப் பாத்தாரு, கண்ணுட வெள்ளையில நுரை மாதிரி சாம்பல் புள்ளி ஏதும் படிஞ்சிருக்கா எண்டு. அது இல்ல. மறுகா கட்டில் விளிம்புல இருத்தி சின்ன சுத்தியல் ஒண்டால முழங்காலுக்குக் கீழ தட்டினாரு. சாதாரணமா கால் துள்ளும், மாமாட கால் துள்ளவே இல்ல, தொங்கினபடி கிடந்த. அவரும் அதப் பாத்துக்கிட்டே இருந்தாரு, நானும் பாத்துக்கிட்டே இருந்தன், ஒரு தட்டு, ரெண்டு தட்டு, ஒண்டுமில்ல. "ஐயா, கால் விறைக்குதா?" எண்டு கேட்டாரு. "ஓம் சேர், செருப்பு கழண்டு போனாலும் தெரியிறல்ல" எண்டு மாமா சொன்னாரு, அத எங்களுக்கே அவரு அதுவரைக்கும் சொல்லல்ல.

அது ஈ குறைவாலயும் வரலாம், மாமாக்கு சீனியும் இருக்கு, அதாலயும் வரலாம் எண்டு டொக்டர் சொன்னாரு. விட்டமின் ஈ குறையிறது லேசுல நடக்காது. நல்லாச் சாப்பிட்டு நல்லாச் செமிக்கிற ஒரு ஆளுக்கு ஈ குறைவு வாறது ரொம்ப அபூர்வம். பித்தம் அடைபட்ட ஆக்கள், குடல் நோயால கொழுப்பு உறிஞ்சாத ஆக்கள், பிறக்கக்குள்ளயே பரம்பரைக் கோளாறு உள்ள பிள்ளைகள், இவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். வந்தா நரம்பத் தாக்கும், நடை தள்ளாடும், விறைக்கும். இன்னொரு விசயமும் அண்டைக்குப் படிச்சன். ஈ ரத்தத்துல கொழுப்போட சேந்துதான் ஓடித் திரியுது, அதால பித்தம் அடைபட்டு கொலஸ்ட்ரோல் கூடின ஆளுக்கு ஈ அளவ மட்டும் பாத்தா சரியா இருக்கிற மாதிரிப் பொய் காட்டும், கொழுப்பையும் சேத்துக் கணக்குப் பாக்கணும். வெறும் ரிப்போர்ட்டப் பாத்து நாங்களே "ஈ ஓகே" எண்டு முடிவெடுத்திருந்தா அவ்வளவுதான்.

ஈ குளிசை எழுத முதல் ரத்தம் உறையிற நேரத்தப் பாத்தாரு. பித்தம் வராட்டி கேயும் குறையும், கே குறைஞ்சா ரத்தம் கெதியா உறையாது, அதுக்கு மேல ஈய கூட்டிக் குடுத்தா அது கேட வேலையக் குழப்பும். அதால கேய முதல்ல சரி பண்ணிட்டுத்தான் ஈய தொடங்கினாரு. இத நல்லா மனசுல வச்சுக்கங்க, இதயத்துக்கு எண்டு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆக்கள் நம்மட ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க, அவங்க வடிவுக்கு எண்டு அந்தப் பச்சை நிற விட்டமின் ஈ கப்சூல் 400 ஒண்ட தினமும் விழுங்கினா முரசால ரத்தம் வாறதுல இருந்து பெரிய ரத்தப் போக்கு வரைக்கும் போகலாம். டொக்டருக்குச் சொல்லாம தொடவே வேணாம்.

சரி, சிட்டை எழுதினாங்க. அதுல இருந்த அளவ இங்க எழுத மாட்டன், ஏனெண்டா அது பித்தம் அடைபட்ட மாமாக்கு, அவருட நிறைக்கு, அவருட ரத்த அளவுக்குப் பாத்து எழுதின அளவு. அடுத்த மாசம் வாய்க்குள்ளால டியூப் விட்டு பித்தக் குழாய்க்குள்ள ஒரு சின்னக் குழாயும் வச்சாங்க. மஞ்சள் இறங்கிட்டு, கடி நிண்டுட்டு. ஏ குளிசை தொடங்கி ரெண்டு கிழமைக்குள்ள மாமா இரவுல லைட் இல்லாம கிணத்தடிக்குப் போய் வந்தாரு. மாமி அழுதுட்டா.

பிழை தொடங்கினது இதுக்குப் பிறகுதான்.

டொக்டர் ஆறு கிழமையில திரும்ப வரச் சொன்னாரு, ரத்தம் எடுத்து அளவ மாத்தணும் எண்டு. அந்த நேரம் வெள்ளாமை வெட்டு. மெசின் கிடைக்கிற நாள விட்டா மழை வந்திரும், மாமா கிளினிக்குக்குப் போகல்ல. பழைய சிட்டையக் கொண்டுபோய் பாமசியில அதே குளிசைய அதே அளவுல எடுத்துக் குடிச்சிக்கிட்டே இருந்தாரு. அடைப்பு இருக்கக்குள்ள பத்துல ஒண்டு சேருமா ரெண்டு சேருமா எண்டு பாத்து கூட்டி எழுதின அளவு அது. இப்ப குழாய் திறந்துட்டு, பித்தம் வருது, குடிக்கிறது எல்லாம் உள்ள போய்ச் சேருது. குளிசை மாறல்ல, உடம்பு மாறிட்டு. இத எங்கள்ல ஒருத்தரும் யோசிக்கல்ல.

அதுக்கிடையில கனடாவுல இருக்கிற மச்சான், மாமாட மூத்தவன், அப்பாக்கு கண் தெரியல்ல எண்டு கேள்விப்பட்டு ஒரு பார்சல் அனுப்பினான். கண்ணுக்கு எண்டு ஒரு போத்தல், மல்டிவிட்டமின் ஒரு போத்தல், மீன் ஈரல் எண்ணெய் ஒரு போத்தல். பாசத்தோட அனுப்பின சாமான், மாமி சுவாமிப் படத்துக்குப் பக்கத்துல வச்சி தினமும் தவறாமக் குடுத்தா.

மூணு மாசம் போகல்ல, மாமாக்கு தலையிடி. விடியக் காலையில சத்தி வாற மாதிரி. சொண்டு ரெண்டும் வெடிச்சி ஓரத்துல ரத்தம். மேல் தோல் செதில் செதிலா உரியிற, தலைமுடி சீப்போட வாற, காலெலும்பு நோகுது எண்டு இரவுல நித்திரை இல்ல. தோல் காயுது, முடி கொட்டுது எண்டா நாம என்ன நினைப்பம்? சத்துக் குறைவு எண்டுதான். மாமியும் அதத்தான் நினைச்சா, நானும் அதத்தான் சொன்னன், "எண்ணெய இன்னொரு கரண்டி குடுங்க மாமி" எண்டு என்ட வாயாலதான் சொன்னன். அந்தச் சொல்லு இண்டைக்கும் என்ட நெஞ்சுல கிடக்கு. ஏ குறைஞ்சாலும் தோல் காயும், ஏ கூடினாலும் தோல் காயும், முடி கொட்டும். வெளியில இருந்து பாக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்டு மாதிரியே தெரியும். அதால தெரியாத ஆக்கள் இன்னும் கூட்டிக் குடுப்பாங்க.

ஒரு நாள் இரவு மாமாட வீட்டு மேசையில மூணு போத்தலையும் நிறுத்தி, போன் லைட்ட அடிச்சி, அந்தப் பொடி எழுத்த ஒவ்வொண்டா வாசிச்சன். கண் போத்தல்ல ஒரு குளிசைக்கு 10,000 ஐயூ, ஐயூ எண்டது விட்டமின அளக்கிற ஒரு அலகு. மல்டிவிட்டமின்ல 750. எனக்கு முதல்ல அது சின்னக் கணக்காத்தான் பட்ட. மறுகாதான் கவனிச்சன், அது ஐயூ இல்ல, மைக்ரோகிராம். ரெட்டினோல், அதாவது நேரடி விட்டமின் ஏ எண்டா 1 ஐயூ 0.3 மைக்ரோகிராம், அப்ப 750 மைக்ரோகிராம் எண்டா 2,500 ஐயூ. மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு 1,350 மைக்ரோகிராம், அது 4,500 ஐயூ. மூணையும் கூட்டினா 17,000. பிள்ளையிட சதுர றூல் கொப்பியில பென்சிலால கூட்டின அந்தக் கணக்கு இன்னமும் என்னட்ட இருக்கு. வளந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஆம்பிளைக்கு 900 மைக்ரோகிராம், பொம்பிளைக்கு 700. டொக்டர் மேற்பார்வை இல்லாம தாண்டக் கூடாத எல்லை ரெட்டினோல்ல 3,000, அதாவது 10,000 ஐயூ. மாமா சிட்டைக் குளிசைய விட்டுட்டுப் பாத்தாலே அந்த எல்லைய நல்லாத் தாண்டிட்டாரு, நான் கூட்டச் சொன்ன கரண்டி வேற. அவருட ஈரல் ஏற்கெனவே அடிபட்ட ஈரல், அது சாதாரண ஆக்கள விடக் கெதியாத் தாக்குப்படும்.

அடுத்த நாள் விடிய மூணு போத்தலையும் பையில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனம். டொக்டர் ஏசல்ல. போத்தல ஒவ்வொண்டா திருப்பிப் பாத்துட்டு ஏ உள்ள எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னாரு, ஈரல் டெஸ்டும் கல்சியம் டெஸ்டும் எழுதினாரு, கண்ணுட பின்பக்கத்தையும் பாத்தாரு, ஏ கூடினா மண்டைக்குள்ள அழுத்தம் கூடி அப்பிடித் தலையிடி வருமாம். நிப்பாட்டி ஒரு மாசத்துல தலையிடி போயிட்டு, தோல் சரியாக ரெண்டு மாசத்துக்கு மேல எடுத்த. சேத்து வச்ச ஈரல் மெல்ல மெல்லத்தானே விடும். சீ, பீ மாதிரி கூடினது பெரும்பாலும் சலத்தோட போயிரும் எண்டு ஏய நம்பக் கூடாது. 1597ல வடதுருவப் பக்கம் பனிக்குள்ள மாட்டின டச்சு மாலுமிகள் பனிக்கரடிட ஈரலச் சமைச்சுத் திண்டுட்டு தலையில இருந்து கால் வரைக்கும் தோல் உரிஞ்சி கிடந்தாங்க எண்டு பதிவு இருக்கு. விட்டமின் எண்ட பேரே அப்ப இல்ல, ஏய கண்டு பிடிச்சதே 1913லதான்.

இதால விட்டமின் ஏ கெட்ட சாமான் எண்டு ஆரும் எடுத்திராதீங்க. அது பிள்ளைகளிட உசிர காப்பாத்தின மருந்து. 1986ல வெளிவந்த, இந்தோனேசியாட ஆச்சே பகுதியில அல்ஃப்ரட் சோமர் எண்ட கண் டொக்டரும் அவருட ஆக்களும் 450 கிராமத்துல செய்த ஆய்வுல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா 200,000 ஐயூ கப்சூல் குடுத்த பக்கத்துல சின்னப் பிள்ளைகளிட இறப்பு 34 சதவீதம் குறைஞ்சிருந்த. அந்தக் கப்சூலுக்குள்ள 40 ஐயூ ஈயும் இருந்த. ஏயும் ஈயும் ஏன் சேந்து வருது எண்டு எனக்கு முதல் விளங்காம இருந்த, ஏ காத்துப் பட்டா கெட்டுப் போற சாமான், ஈ கொஞ்சம் சேந்தா அதக் காக்கும். அவ்வளவு சின்ன அளவு ஈ அதுக்குத்தான். நம்மட வீட்டுல ஜன்னல் கட்டுல வெயில் படுற இடத்துல போத்தல வைக்கிற பழக்கம் இருக்கே, அதையும் விடுங்க, மட்டக்களப்பு வெக்கைக்கு இருட்டான அலுமாரிதான் சரி.

"ஒரே நேரத்துல 200,000 குடுக்காங்க, நீ 17,000க்கு அழுறாய்" எண்டு மச்சான் போன்ல கேட்டான். நியாயமான கேள்விதான். அந்தப் பெரிய அளவு ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தான், ஒரு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு, குறைவு உள்ள இடத்துல, ஈரல்ல சேமிச்சு ஆறு மாசம் செலவழிக்கட்டும் எண்டு குடுக்கிறது. ஆறு மாசத்தின்ட நாளுக்குப் பிரிச்சுப் பாத்தா ஒரு நாளைக்கு ஆயிரத்திச் சொச்சம் ஐயூதான் வரும். மாமா குடிச்சது தினமும். நம்மட நாட்டுலயும் மிட்வைஃப் அக்காமார் கிளினிக்குல பிள்ளைக்கு விட்டமின் ஏ குடுத்துட்டு கிளினிக் புத்தகத்துல பதிவாங்க. அது சின்னமுத்து (மீசில்ஸ்) வந்த நேரமும், மாலைக்கண் வந்த நேரமும் டொக்டர்மார் வேற கணக்குல குடுப்பாங்க. அந்தப் புத்தகத்தப் பாக்காம வீட்டுல மேலதிகமாக் குடுக்காதீங்க. என்ட தங்கச்சிட மகனுக்கு ரெண்டு வயசு, அம்மம்மா மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஊத்தப் பாத்தா, நான் போய்த் தடுத்தன். அந்த வயசுக்கு ஒரு நாள் எல்லையே 600 மைக்ரோகிராம்தான், அந்த ஒரு கரண்டியே ரெண்டு மடங்குக்கு மேல.

மாமாட சின்ன மகளுக்கு போன ஆவணியில கல்யாணம் முடிஞ்ச. அவவும் முகத்துக்கும் முடிக்கும் எண்டு ஒரு கப்சூல் குடிச்சா. லேபல்ல ரெட்டினைல் பால்மிட்டேட் எண்டு இருந்த, அப்பிடி இருந்தா அது நேரடி ஏ. பிள்ளைக்கு எதிர்பாக்கிற பொம்பிளைகளும் புள்ளத்தாச்சிமாரும் தினமும் 10,000 ஐயூவத் தாண்டினா வயித்துப் பிள்ளைக்கு உறுப்புக் குறைபாடு வரலாம், அதுவும் முதல் மாசங்கள்ல, தாய்க்கே தெரியாத நேரத்துல. முகப்பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெட்டினோயின் குளிசையும் இந்தக் குடும்பம்தான், அதக் குடிக்கிற காலத்துல பிள்ளை உண்டாகவே கூடாது, ஏ குளிசையும் சேத்துக் குடிக்கக் கூடாது. மாட்டு ஈரல் கறியும் புள்ளத்தாச்சியா இருக்கிற காலத்துல வேணாம், சமைச்ச ஈரல் 85 கிராம்லயே 6,500 மைக்ரோகிராம் அளவுல இருக்கு. இத அவட்ட சொல்லக்குள்ள அவட முகம் சுருங்கிப் போயிட்டு, பயப்படுத்திட்டனோ எண்டு எனக்குக் கவலையா இருந்த, ஆனா சொல்லாம விட்டிருந்தா அத விடப் பெரிய கவலை. கிளினிக்குல கேட்டு, குடுத்த ஃபோலிக் அசிட்டோட மட்டும் இருக்கா.

இலைக்கறி, பூசணி, கரட், பப்பாசியில இருக்கிறது பீட்டா கரோட்டின், அத உடம்பு தேவைக்கு மட்டும் ஏயா மாத்தும், எவ்வளவு திண்டாலும் ஏ நஞ்சு வராது, மிஞ்சிப் போனா உள்ளங்கை மஞ்சளாகும். ஆனா பீட்டா கரோட்டினக் குளிசையாக் குடிக்கிறது வேற கதை. 1994ல வெளிவந்த, பின்லாந்துல புகை பிடிக்கிற 29,000 ஆம்பிளைகள்ல செய்த ஆய்வுல பீட்டா கரோட்டின் குளிசை குடிச்ச ஆக்களுக்கு நுரையீரல் புத்துநோய் கூடித்தான் இருந்த. மாமா பீடி விட்டு எட்டு வருசம், பக்கத்து வயல்காரர் இன்னும் விடல்ல, மாமாட கண் குளிசைய அவரும் கேட்டவராம். ஈயும் அப்பிடித்தான். தினமும் 400 ஐயூ குடிச்ச ஆம்பிளைகளுக்கு புரொஸ்டேட் புத்துநோய் 17 சதவீதம் கூடினதா 2011ல அமெரிக்காவுல பெரிய ஆய்வு ஒண்டு சொல்லிட்டு. நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஈ 15 மில்லிகிராம். 400 ஐயூ கப்சூல் ஒண்டு இயற்கை வகை எண்டா 268 மில்லிகிராம், பேருக்கு முன்னால டிஎல் எண்டு போட்ட செயற்கை வகை எண்டா 180. ஒரு குளிசையிலயே பன்னிரெண்டுல இருந்து பதினெட்டு நாள் வரைக்குமான சாமான். குறைவு இருக்கு எண்டு சோதிச்சுச் சொன்ன ஆளுக்கு அது மருந்து, மத்த ஆக்களுக்கு ஒரு பிடி கச்சானும் முட்டையும் கீரையும் போதும்.

கீரையத் தேங்காப்பூ போட்டுச் சுண்டலாக்கியோ பால் விட்டோ சமைங்க. கொழுப்பு இல்லாம கரோட்டின் சேராது, நம்மட ஆச்சிமார் பொன்னாங்காணிக்குத் தேங்காய் போட்டது சும்மா இல்ல. ஏ, ஈ குளிசையும் அப்பிடித்தான், வெறும் வயித்துல வெறும் தேத்தண்ணியோட குடிச்சா வடிவாச் சேராது, சோறு கறியோடதான் குடிக்கணும்.

இப்ப மாமாட வீட்டுல ஒரு பழக்கம் வச்சிருக்கம். எந்தக் குளிசைப் போத்தல் வந்தாலும் பிளாஸ்டர் ஒண்ட ஒட்டி ஆரு எழுதினது, எண்டைக்குத் தொடங்கின, எண்டைக்கு நிப்பாட்டணும் எண்டு பேனாவால எழுதிருவம். நிப்பாட்டுற நாள் எழுதாத போத்தல் மேசைக்கு வராது. கிளினிக்குப் போகக்குள்ள குளிசைப் பை முழுக்கவும் கொண்டு போறம், நாட்டு மருந்து, எண்ணெய் எல்லாத்தோடயும். மச்சான் இப்ப அனுப்ப முதல் லேபல படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடுறான், நான் கணக்குப் பாத்துச் சொல்றன், சந்தேகம் எண்டா டொக்டர்ட்ட கேட்டுட்டுச் சொல்றன்.

மாமாட கால் விறைப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முழுக்கப் போகல்ல. நரம்பு திரும்ப நாளெடுக்கும் எண்டாங்க. போன கிழமை சுத்தியலால தட்டக்குள்ள வலது கால் லேசா அசைஞ்ச, மாமா என்னத் திரும்பிப் பாத்து "கண்டியா மருமகன்" எண்டாரு. வாற மாசம் திரும்ப ரத்தம் எடுக்கணும், அண்டைக்கு வயல் வேலைய நான் பாக்கிறதா ஒத்துக்கிட்டன். அதுவரைக்கும் ஈ மட்டும், ஒரு நாளைக்கு ஒண்டு, ராச்சோத்தோட.